விஞ்ஞானமும் கலையும் சேரட்டும், ஆசிரியர் குறையக்கூடாது

மலையகத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பித்த ஆசிரியர்களின் சொந்த ஊரைக் கேட்டுப் பாருங்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோர ஊர்களின் பெயர்கள் அடிக்கடி வரும். முதல் நியமனம் மலைநாட்டில் கிடைக்கிறது. கடற்கரை வெயிலில் வளர்ந்தவர்கள் ஒரு கம்பளிச் சட்டையோடு வந்து இறங்குகிறார்கள். நமது பேச்சு அவர்களுக்கும் அவர்களது பேச்சு நமக்கும் பிடிபட்டு, லயத்துப் பிள்ளைகளின் பெயர்களும் மனதில் பதிந்துவிடும் வேளையில் இடமாற்றக் கடிதம் வந்துவிடுகிறது. போகிறவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் ஊரில் தாய் தகப்பன் இருக்கிறார்கள். அவர் போன பிறகு அந்த வகுப்பின் விஞ்ஞான பாடவேளை என்னவாகிறது என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

கல்விச் சீர்திருத்தம் பற்றி இப்போது எங்கும் பேச்சு அடிபடுகிறது. தரம் 6இலிருந்து மொடியூல் முறை, செயற்றிட்டங்கள், பாடங்களுக்கிடையே இருக்கும் சுவர்களைத் தளர்த்துதல் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. கிராமப்புற இடைநிலைப் பாடசாலைகளில் விஞ்ஞானத்தையும் கலைப் பாடங்களையும் இணைத்துப் படிப்பிக்க வேண்டும் என்ற யோசனையும் இதோடு சேர்ந்து வருகிறது. கலை என்னும்போது சித்திரம், சங்கீதம், நாடகம் ஆகிய அழகியல் பாடங்களை மட்டும் சொல்லவில்லை. மொழியும் வரலாறும் புவியியலும் அதில் அடங்கும். நமது சங்கம் இந்த யோசனையை வரவேற்கிறது. ஏன் வரவேற்கிறோம், எதற்குப் பயப்படுகிறோம் என்பதைக் கல்முனைக் கரையை முன்வைத்தே சொல்ல விரும்புகிறோம். அந்தக் கரையும் நமது மலையும் கல்வியில் ஒரே பட்டியலில் இருப்பவை. பல்கலைக்கழக அனுமதிக்கென்று கல்வியில் பின்தங்கியவையாகக் கணக்கிடப்பட்ட மாவட்டங்களில் அம்பாறையும் உண்டு, நுவரெலியாவும் பதுளையும் உண்டு.

மருதமுனையை எடுத்துக்கொள்வோம். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் போகுமுன்பே பாவு எது, ஊடை எது, நாடா எப்படி ஓடுகிறது என்று அறிந்திருக்கும். 48 அங்குல அகலத் துணியில் அங்குலத்துக்கு 40 இழை என்றால் பாவில் 1,920 இழை வேண்டும். அது கணிதம். பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பும் சோடாவும் ஏன் போடுகிறார்கள், போடாவிட்டால் முதல் சலவையிலேயே நிறம் ஏன் கழன்று போகிறது என்பது இரசாயனம். கரையில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வந்தால் எடுபடும் என்பது சித்திரம். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தறிகள் ஏன் இரவு பகலாக ஓடின, 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி தாராளமாக வந்து இறங்கியபோது அவை ஏன் ஓய்ந்தன என்பது வரலாறும் பொருளியலும். ஒரு தறியைச் சுற்றி நான்கு பாடங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வகுப்பறையிலோ அந்த நான்கும் நான்கு மணியோசைக்கு நான்கு திசையில் பிரிந்து போகின்றன. எந்தப் பாடமும் தன் வீட்டுத் தறியைப் பற்றியது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை.

நமது வீட்டிலும் இதே கதைதான். நாம் ஏன் இந்த மலைகளில் குடியிருக்கிறோம் என்று ஒன்பதாம் தரத்துப் பிள்ளையிடம் கேட்டால், வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சொல்லும். அது பாதிப் பதில். மீதிப் பாதி ஒரு பூஞ்சணத்தில் இருக்கிறது. 1869இல் இலங்கையில் காப்பி இலையில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடியாகத் தெரிந்த அந்தப் பூஞ்சணம், சில பத்தாண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். காப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் அதிகம் தேவை. அதனால் நமது முன்னோர்களில் பலர் பருவத்துக்கு வந்து வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கோ வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். போய்வரும் ஆள் போதாது, குடும்பத்தோடு தங்கும் ஆள் வேண்டும். வருடம் முழுவதும் குடும்பங்கள் தங்கும் லயம் அப்படித்தான் வந்தது. பூஞ்சணம் பரவும் விதத்தை விஞ்ஞான ஆசிரியர் விளக்க, அது நம் மக்களை என்ன செய்தது என்று வரலாற்று ஆசிரியர் தொடர, அந்தக் காலத்துத் தோட்டப் பாட்டு ஒன்றைத் தமிழாசிரியர் எடுத்துக்கொடுத்தால், அந்தப் பிள்ளை வாழ்நாளில் அந்தப் பாடத்தை மறக்குமா? பாட்டுகளுக்கும் பஞ்சமில்லை. கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தொழிலாளருக்கு உரிமையைப் பாட்டாகப் பாடிச் சொல்லலாம் என்பதை கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டக் கூட்டங்களில் செய்தே காட்டினார். இன்று பெரிய பெயர்கள் சூட்டிப் பேசப்படும் முறையைச் சங்கங்கள் எண்பது வருடத்துக்கு முன்பே பெயர் தெரியாமல் கையாண்டிருக்கின்றன.

இணைத்துப் படிப்பித்தால் பாடம் சுவையாக இருக்கும் என்பதோடு இது நின்றுவிடவில்லை. கல்முனைக் கரைக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, நமது நேரப்படி 7 மணிக்குச் சற்று முன்பு, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நமது கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுத்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்கள் வீட்டோடு வீடு ஒட்டியவை, கடலுக்கு மிக அருகில் நெருக்கமாகக் குடியிருப்பவை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. நாட்டில் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அதுதான். இலங்கைக் கரையில் பல இடங்களில் கடல் உள்வாங்கிய அதிசயத்தைப் பார்க்கப் போய் நின்றவர்கள் திரும்பவில்லை. அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அதே காலையில் வேறு இரண்டு இடங்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தாள். கடல் நுரைத்துக் குமிழியிடுவதைப் பார்த்தவுடன், இரண்டு கிழமைக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த சுனாமிப் பாடம் அவளுக்கு நினைவு வந்தது. பெற்றாரிடம் அடம்பிடித்துச் சொன்னாள். கடற்கரையில் இருந்த நூறு பேரளவில் அங்கிருந்து அகற்றப்பட்டுப் பிழைத்தார்கள். மற்றது சிமெலுவே தீவு. நில அதிர்வு நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகில், சுமாத்திராவுக்கு அப்பால் இருக்கும் இந்தோனேசியத் தீவு அது. அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. சைரனோ வானொலி அறிவித்தலோ கிடையாது. ஆனால் 1907இல் தம் முன்னோரை விழுங்கிய அலைக்கு அந்த மக்கள் ‘ஸ்மொங்’ என்று பெயர் வைத்து, அதைத் தாலாட்டிலும் கதையிலும் பாட்டிலும் பாட்டன் பாட்டிமார் வழியாகச் சொல்லி வந்திருந்தார்கள். பலமாக நிலம் ஆடினால், கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான் செய்தி. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் அன்று இறந்தவர்கள் ஏழு பேர்.

டில்லி ஸ்மித்துக்குக் கைகொடுத்தது பாடநூல். சிமெலுவேக்குக் கைகொடுத்தது பாட்டு. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் கவிக்கும் பஞ்சமில்லை, களிகம்புக்கும் பஞ்சமில்லை, பாட்டைத் தலைமுறைக்குத் தலைமுறை வாய்வழியாகக் கடத்தும் பெண்களும் இருந்தார்கள். அந்தக் கவி மரபையும் புவியியல் பாடத்தையும் ஒரே வகுப்பறையில் சேர்த்து, கடல் உள்வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளையும் பாடும்படி செய்ய ஒரு பாடசாலை போதும். மலையகத்தில் நமக்கு அலை இல்லை, மண்சரிவு இருக்கிறது. லயத்தின் பின்பக்கச் சுவரில் புதிதாக விழுந்த வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கலாக வரும் ஊற்று நீர் ஆகியவை என்ன சொல்கின்றன என்பதை நமது பிள்ளைகள் எந்தப் பாடத்தில் படிக்கிறார்கள்?

இதையெல்லாம் நாடு ஒருமுறை முயன்று பார்த்தது. 1972இல், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, தரம் 6 முதல் 9 வரை ஒன்றிணைந்த விஞ்ஞானமும் சமூகக்கல்வியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கப்பட்டன. அவரது பெயரைத் தாங்கிய மகளிர் கல்லூரி ஒன்று இன்றும் கல்முனையில் இருக்கிறது. பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று பெரிய நகரப் பாடசாலைகள் பிரித்துப் படிப்பித்ததை, கிராமத்துப் பிள்ளையும் ஒரே பாடமாகப் படிக்கலாம் என்றானது. அதோடு தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்றும் வந்தது. பிரதேசத்தின் தொழிலைப் பாடசாலைக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். அந்தத் திட்டத்துக்கான தேசியப் பரீட்சை முதன்முதலில் 1975 டிசம்பரில் நடந்தது. 1977இல் ஆட்சி மாறியது, பழைய க.பொ.த. முறை திரும்பி வந்தது. விஞ்ஞானம் இன்றும் சாதாரண தரத்தில் ஒரே பாடமாக இருப்பது அந்த முயற்சியின் மிச்சம்.

அந்தச் சீர்திருத்தம் வந்தபோது நமது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டப் பாடசாலைகள் அப்போது தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தன. பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அதற்குள் அந்த முயற்சி கைவிடப்பட்டுவிட்டது. கரையோரத்துப் பிள்ளைக்கு ஐந்தாறு வருடமாவது கிடைத்தது, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. இம்முறையும் அப்படி ஆகிவிடக்கூடாது என்பதே இந்தத் தலையங்கம் எழுதப்படுவதற்குக் காரணம்.

பெற்றாரின் சந்தேகத்துக்கு வருவோம். சீர்திருத்தம் பேசுவோர் இதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. “கொழுந்தைப் பற்றிப் படிக்கவா பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிறோம்? அது எங்களுக்கே தெரியுமே” என்று ஒரு தாய் கேட்டால், அவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1953இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளை பாதி நேரம் பள்ளியில் படிக்கும், மீதி நேரம் தாய் தகப்பனின் தொழிலைக் கற்கும். பார்க்க அழகான திட்டம். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பே தைக்கட்டும் என்கிறது இது என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். குலக்கல்வி என்று பெயரே வைத்தார்கள். பெரியார் தலைமையில் போராட்டம் வெடித்தது. அடுத்த வருடம் ராஜாஜி பதவி விலகினார், பின்னால் வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். நமது நாட்டின் தொழில்முன்னிலைப் பாடத்தின் மீதும் கிராமத்துப் பெற்றாருக்கு இதே மனக்குறை இருந்தது. நகரத்துப் பிள்ளைக்கு வைத்தியர் வேலை, நம் பிள்ளைக்கு மண்வெட்டியா என்றார்கள்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கொழுந்தை வைத்துப் படிப்பிப்பது வேறு, கொழுந்து எடுப்பதற்கென்று படிப்பிப்பது வேறு. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி எங்கே போனது? பெரும்பகுதி நீராவியாய்ப் போனது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டிப் பரப்பி வைக்கும்போது பச்சை ஏன் செம்பாகிறது? எல்லாரும் நொதித்தல் என்று சொன்னாலும் அங்கே நடப்பது, இலையில் உள்ள நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் ஒட்சியேற்றம். இதைப் படித்த பிள்ளை இரசாயனத்துக்குள் காலெடுத்து வைத்துவிட்டது. கொழுந்து மடுவத்தில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், அது நூற்றுக்கு எத்தனை வீதம், அது நியாயமா என்று தாயின் துண்டைப் பார்த்துக் கணக்குப் போடும் பிள்ளை சதவீதத்தையும் கற்கிறது, சட்டத்தையும் கற்கிறது. அம்மாவுக்கு ஏன் அரைப்பேர் விழுந்தது என்று கணக்கப்பிள்ளையிடம் விளக்கம் கேட்கும் நாளும் வரும். அப்படிப்பட்ட பாடத்தைக் குலக்கல்வி என்று யாரும் சொல்ல முடியாது. (தோட்ட நிர்வாகம் அதை எவ்வளவு விரும்பும் என்பது வேறு விடயம்.)

நமக்குள்ள பெரிய பயம் ஆசிரியர் எண்ணிக்கை பற்றியது. நாட்டில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானத்துறை உள்ளவை ஆயிரத்தைச் சற்றே தாண்டும். கல்முனைக் கரையில் அவை பெரும்பாலும் பெரிய ஊர்களில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சிறிய பாடசாலைப் பிள்ளை நல்ல பெறுபேறு எடுத்தால் ஊர் மாற வேண்டும், அல்லது கலைத்துறைக்குப் போக வேண்டும். மலையகத்தில் தமிழ் மொழிமூலம் இது இன்னும் நெருக்கடி. கலைத்துறையை நாம் தாழ்வாகச் சொல்லவில்லை. விரும்பிப் படித்தால் அது பெரிய படிப்பு. ஆனால் விஞ்ஞான வகுப்பு இல்லை என்பதற்காகக் கலைத்துறையில் தள்ளப்பட்டு, பட்டம் பெற்று, பின்னர் வேலையற்ற பட்டதாரிகளின் ஆர்ப்பாட்டத்தில் பதாகை பிடித்து நிற்கும் பிள்ளைகள் கிழக்கிலும் இருக்கிறார்கள், மலையகத்திலும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில் ‘ஒன்றிணைந்த பாடம்’ என்ற பெயர் ஒரு கணக்கதிகாரிக்கு எப்படிப் படும்? இரண்டு பாடம் ஒன்றாகிவிட்டது, இனி ஒரு ஆசிரியர் போதும் என்றுதான் படும். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் சமூகக்கல்வி ஆசிரியரே இரண்டையும் பார்த்துக்கொள்வார், சித்திர ஆசிரியர் தேவையில்லை, ஆய்வுகூடம் இல்லாவிட்டாலும் சுற்றாடலே ஆய்வுகூடம் என்று அழகாக எழுதிவைக்கலாம். அப்போது நகரத்துப் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கும், நமது பிள்ளைக்கு இரண்டிலும் அரைகுறையே மிஞ்சும். உண்மையான இணைப்புக்கு ஆசிரியர் கூடுதலாக வேண்டும், குறைவாக அல்ல. காப்பி நோயைப் படிப்பிக்க விஞ்ஞான ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட வேண்டும். அதற்கு நேரசூசியில் கிழமைக்கு ஒரு பாடவேளையாவது இருவருக்கும் பொதுவாக ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பாடத்துக்குப் பரீட்சையில் புள்ளியும் வேண்டும். புள்ளி இல்லாததை நமது நாட்டில் பிள்ளையும் படிக்காது, அதிபரும் கேட்கமாட்டார்.

ஆசிரியரை உருவாக்கும் இடங்கள் இருபக்கமும் இருக்கின்றன. அட்டாளைச்சேனையில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, நமக்குப் பத்தனையில் ஸ்ரீபாத இருக்கிறது. அங்கே பயிலும் விஞ்ஞானப் பயிலுநரும் அழகியல் பயிலுநரும் ஒரு பாடத்தையாவது சேர்ந்து தயாரித்துப் படிப்பித்துக் காட்டிய பிறகே வெளியேற வேண்டும் என்று ஆக்கினால் பெரிய செலவு எதுவும் இல்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கைகொடுக்கலாம். 1995இல் போர்க்காலத்தில் எம். எச். எம். அஷ்ரஃப் முயன்று பெற்றுக்கொடுத்த அந்தப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் ஒலுவிலில், பிரயோக விஞ்ஞானபீடம் சம்மாந்துறையில். இடையில் வயல்வெளி. இணைப்பை அங்கிருந்தே தொடங்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

கிழக்கிலிருந்து வரும் ஆசிரியரைத் தக்கவைப்பது நமது கையிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆசிரியர் விடுதி இல்லாத பாடசாலையில், மழைக்காலத்தில் கால்நடையாக ஏறிவரும் ஒருவரிடம் ஐந்து வருடம் இருங்கள் என்று கேட்க எந்த முகமும் இல்லை. விடுதிக்கான காணியைத் தோட்டக் கம்பனிகள் விடுவிக்க வேண்டும் என்று நமது சங்கம் வலியுறுத்தும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களிடமும் தலைவிமாரிடமும் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானத்துக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், அழகியல் பாடங்களுக்கு எத்தனை பேர், புதிய முறை வந்தால் இந்த எண்ணிக்கை கூடுமா குறையுமா என்று கேளுங்கள். சென்ற வருடம் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சித்தியடைந்த பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறார்கள், எந்தப் பாடசாலையில் படிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, அதிபரின் கையொப்பத்தோடு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும்போது அந்தத் தாள்கள் நமது கையில் இருக்க வேண்டும்.